மாடுகளின் கணக்கும் மனிதரின் கணக்கும்: இலண்டன், 1952

1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, இலண்டன் மாநகரின் மீது ஒரு புகைமூட்டம் இறங்கியது. 9ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காற்று வீசி அதைக் கலைக்கும்வரை அது அசையவில்லை. அந்தப் புகைமூட்டத்தினால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு அன்றைய அரசாங்கம் ஒப்புக்கொண்ட விடை ஏறத்தாழ நாலாயிரம். அரை நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் கண்ட விடை ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம். இடையில் காணாமற்போன எண்ணாயிரம் பேரைப் பற்றியதே இக்கட்டுரை. இறந்தவர் தொகையைப் பற்றிய தகராறுகள் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் இங்கே யாரும் யாரையும் சுடவில்லை. மூச்சு விட்டார்கள், இறந்தார்கள். அதனால்தான் கணக்குத் தப்பியது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டு நவம்பர் மாதத்திலிருந்தே இலண்டனில் குளிர் கடுமையாக இருந்தது. எண்பது இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த நகரம் அது. வீட்டுக்கு வீடு கணப்படுப்பு. அதில் எரிவது நிலக்கரி. குளிர் ஏறினால் இன்னும் கொஞ்சம் நிலக்கரியை அள்ளிப் போடுவார்கள். தேம்ஸ் நதிக்கரை நெடுக மின்நிலையங்களும் தொழிற்சாலைகளும் எரித்ததும் நிலக்கரிதான். சாதாரண நாட்களில் இந்தப் புகை மேலெழுந்து காற்றோடு போய்விடும். டிசம்பர் 5ஆம் திகதி அது போகவில்லை. உயர் அமுக்க மண்டலம் ஒன்று நகரின் மேல் வந்து நிலைகொண்டது. காற்று அசைவற்று நின்றது. நிலத்தை ஒட்டிய காற்றுக் குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்றுச் சூடாகவும் இருந்தபடியால், சட்டிக்கு மூடி போட்டதுபோல் ஆயிற்று. கீழே பத்து இலட்சம் அடுப்புகள் புகைந்துகொண்டிருக்க, புகை முழுவதும் அந்த மூடிக்குக் கீழேயே தங்கியது.

பிரித்தானிய வானிலை அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் 1,000 தொன் புகைத் துகள்களும், 140 தொன் ஐதரோக்குளோரிக்கமிலமும், 14 தொன் புளோரின் சேர்வைகளும், 370 தொன் கந்தகவீரொட்சைட்டும் அந்தக் காற்றில் கலந்தன. கந்தகவீரொட்சைட்டு பனிப்புகாரின் ஈரத்தில் கரைந்து கந்தக அமிலத் துளிகளாக மாறியது. மக்கள் சுவாசித்தது புகாரை அன்று, நீர்த்த அமிலத்தை.

பகலில் விளக்கெரிய வேண்டியிருந்தது. பேருந்துகளுக்கு முன்னால் நடத்துநர்கள் கையில் விளக்கோடு நடந்து வழிகாட்டினார்கள். பின்னர் பேருந்துகளே நின்றுவிட்டன. நிலக்கீழ் ரயில் மட்டுமே ஓடியது. நகரின் சில பகுதிகளில் நின்றவர்களுக்குத் தம் பாதம் தெரியவில்லை. 8ஆம் திகதி இரவு சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ‘லா திராவியாத்தா’ இசை நாடகம் முதல் அங்கத்தோடு நிறுத்தப்பட்டது. அரங்கினுள் புகுந்த புகையில் மேடை தெரியாமல் போனதுதான் காரணம். அந்த நாடகத்தின் நாயகி காசநோயால் இறப்பவள் என்பது தற்செயல்.

நகரத்தவர் இதற்கெல்லாம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இலண்டன் மூடுபனி அவர்களுக்குப் பழகிய ஒன்று. பட்டாணிச் சூப் என்று அதற்குச் செல்லப் பெயர்கூட வைத்திருந்தார்கள். ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளை வாசித்து வளர்ந்த நம்மவர் பலரும் அந்த மூடுபனியில் ஒரு கவர்ச்சியைக் கண்டவர்களே. அது வானத்திலிருந்து இறங்கிய பனி அல்ல, தம் வீட்டுக் கூரையிலிருந்து ஏறிய புகை என்பதை அந்நகரத்தவர் மறந்து வெகு காலமாகியிருந்தது.

பத்திரிகைகளில் முதலில் வந்த சாவுச் செய்தி மாடுகளைப் பற்றியது. ஏர்ள்ஸ் கோர்ட் மண்டபத்தில் ஸ்மித்பீல்ட் கால்நடைக் கண்காட்சி அந்த வாரத்தில் நடந்தது. நாடெங்கிலும் இருந்து பரிசுக்காகக் கொண்டுவரப்பட்ட கொழுத்த மாடுகள் மூச்சிரைத்து, நாக்கைத் தள்ளிக்கொண்டு விழுந்தன. சில அங்கேயே செத்தன. சிலவற்றை வெட்ட வேண்டியதாயிற்று. விஸ்கியில் நனைத்த சாக்கை மாடுகளின் மூக்கில் கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. பரிசு மாடுகளின் வைக்கோற் படுக்கையை அடிக்கடி மாற்றிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அவ்வளவு கவனிப்பில்லாமல் தம் சாணத்திலும் மூத்திரத்திலும் கிடந்த விலங்குகள் தப்பிக்கொண்டன. மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா காற்றிலிருந்த அமிலத்தை முறித்தது என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம்.

மாடுகள் செத்ததைச் செய்தியாக்கிய பத்திரிகையாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வேலையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தவன் என்ற முறையில் அதன் நியாயம் எனக்குத் தெரியும். மாடு ஓரிடத்தில், எல்லோரும் பார்க்க, ஒரே நேரத்தில் செத்தது. பேருந்து கவிழ்ந்து பத்துப் பேர் இறந்தால் அது முதற்பக்கச் செய்தி. பத்துத் தெருக்களில், பத்து வீடுகளில், பத்து முதியவர்கள் இருமி இருமி இறந்தால் அது மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போகும். பத்து அறிவித்தல்களையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் வேலை செய்தி ஆசிரியருக்கு இல்லை. அதைப் பார்க்கக்கூடியவர் விளம்பரப் பகுதியில் பணம் வாங்குபவர்தான்.

இலண்டனிலும் அப்படியே நடந்தது. நகரில் சவப்பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு. பூக்கடைகளில் மலர்வளையத்துக்குப் பூ இல்லை. ஏதோ நடந்திருக்கிறது என்று முதலில் உணர்ந்தவர்கள் அமைச்சர்களோ ஆசிரியர்களோ அல்லர். சவப்பெட்டி விற்றவர்களும் பூ விற்றவர்களும்தான்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றை இங்கு நினைவுபடுத்தத் தோன்றுகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்த நாட்களில் இலங்கையின் வானம் மங்கிக் கிடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காற்றின் தரம் கெட்டுவிட்டதென்று டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். இலண்டன் புகைமூட்டம் கலைந்ததும் ஒரு டிசம்பர் 9ஆம் திகதியில்தான். அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடுகள் இறந்தன. கடுங்குளிரே அதற்குக் காரணம் என்று கால்நடை வைத்தியர்கள் கண்டார்கள். ஆகவே அதைப் புகையோடு சேர்ப்பது தவறு. நான் சொல்ல வருவது வேறு. மாடுகளின் எண்ணிக்கை மாவட்டவாரியாகப் பத்திரிகைகளில் வந்தது. வர வேண்டியதுதான்; மாடு செத்தால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பே போகிறது. ஆனால் அந்த வாரத்தில் முட்டு வருத்தத்தோடு வைத்தியசாலைக்குப் போன கிழவர் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்த நிருபரும் கேட்டு எழுதியதை நான் வாசிக்கவில்லை.

இலண்டனில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் புள்ளிவிபரக்காரர்கள். பிறப்பு இறப்புப் பதிவுகள் அங்கே வாரந்தோறும் தொகுக்கப்பட்டு வந்தன. டிசம்பர் 13ஆம் திகதியுடன் முடிந்த வாரத்தில் பெருநகர் இலண்டனில் பதிவான இறப்புகள் 4,703. அதற்கு முந்திய ஆண்டின் அதே வாரத்தில் 1,852. மார்ச்சளி நோயால், அதாவது மூச்சுக்குழாய் அழற்சியால், இறந்தவர் தொகை ஒரே வாரத்தில் ஒன்பது மடங்கானது. வைத்தியரும் புள்ளிவிபர அறிஞருமான டபிள்யூ. பி. டி. லோகன் இந்தக் கணக்குகளை 1953இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் எழுதினார். 1866இல் இலண்டனைத் தாக்கிய கொள்ளைநோயான வாந்திபேதியோடும் 1918இன் பெருங்காய்ச்சலோடும் ஒப்பிட வேண்டிய எண்கள் அவை.

இறந்தவர்கள் யார்? இதில்தான் கணக்குத் தப்பியதன் இரகசியம் இருக்கிறது. மிகப் பெரும்பாலானோர் 45 வயதைத் தாண்டியவர்கள். அவர்களிலும் ஏற்கனவே மார்ச்சளியோ இருதய நோயோ உள்ளவர்களே அதிகம். மறுமுனையில், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளிடையே இறப்பு இரு மடங்கானது. நடுவயதுத் திடகாத்திரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, வேலைக்குப் போய் வந்தார்கள்.

உடம்பினுள் நடந்தது இதுதான். அமிலத் துளியும் கந்தகவீரொட்சைட்டும் மூச்சுக்குழாயின் உட்சுவரைச் சுடுகின்றன. சுவர் வீங்குகிறது; சளி சுரக்கிறது; குழாய் இறுகுகிறது. நல்ல நுரையீரல் உள்ளவனுக்கு இது நாலு நாள் இருமல். குழாய் ஏற்கனவே சளியால் பாதி அடைபட்டவருக்கு மீதிப் பாதியும் அடைபடுகிறது. குருதியில் ஒட்சிசன் குறைய, இருதயம் ஈடுகொடுக்க ஓடுகிறது; தளர்ந்த இருதயமானால் நின்றுவிடுகிறது. நுண்ணிய புகைத் துகள்களோ குழாய்களைத் தாண்டி நுரையீரலின் சிற்றறைகள் வரை போய்ப் படிந்து அங்கே அழற்சியை மூட்டுகின்றன. குழந்தையின் மூச்சுக்குழாய் பென்சில் முனையளவு. அது தன் உடல் எடைக்கு வளர்ந்தவரைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. ஆகவே அதே காற்று, அதே தெரு, அதே வீடு. ஆனால் அப்பன் இருமினான், பாட்டி இறந்தாள், தொட்டிலிற் கிடந்த குழந்தை இறந்தது.

பாட்டியின் மரணச் சான்றிதழில் வைத்தியர் மார்ச்சளி என்று எழுதினார். பொய் அல்ல. அவளுக்குப் பத்து வருடங்களாக மார்ச்சளிதான். ஐரோப்பியர் அதை ஆங்கிலேயரின் நோய் என்றே அழைத்தார்கள். ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த கிழக்கு இலண்டனின் ஈரமான நெருக்கமான வீடுகளில் அது இல்லாத குடும்பம் அரிது. ஏற்கனவே நோயாளியாக இருந்தவர் நோயால் இறந்தார் என்றால் யார் கேள்வி கேட்பார்கள்? பலவீனமானவரின் சாவுக்கு அவருடைய பலவீனமே காரணமாக எழுதப்பட்டுவிடுகிறது. புகை பட்டியலில் ஏறுவதேயில்லை.

இந்தப் பாட்டி நமக்கும் தெரிந்தவள்தான். புகைக்கூடு இல்லாத குசினியில் நாற்பது ஆண்டுகள் ஊதுகுழலோடு குந்தியிருந்து, பின் திண்ணையில் இருமிக்கொண்டிருந்த பெத்தாச்சிகளை நம் ஊர்களில் யார் காணவில்லை? மலையகத் தோட்டங்களின் லயன் காம்பராக்களில் அதே அறையில் அடுப்பும் தொட்டிலும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கைக் குடும்பங்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. 2022இல் எரிவாயு கிடைக்காமற் போனபோது கொழும்பின் தொடர்மாடி வீடுகளிற்கூட விறகுப் புகை எழுந்தது. ‘வயசு போனால் இழுப்பு வரும்தானே’ என்பது நாம் எழுதும் மரணச் சான்றிதழ்.

இனி அரசாங்கத்தின் கதைக்கு வருவோம். இங்கே ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. போர் முடிந்து ஏழாண்டுகள் ஆகியும் பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. அதன் நல்ல நிலக்கரி வெளிநாட்டு நாணயம் தேடிக் கப்பலேறியது. வீட்டு நிலக்கரிக்குப் பங்கீட்டு முறை 1958 வரை நீடித்தது. ஆனால் ‘நட்டி ஸ்லாக்’ என்று அழைக்கப்பட்ட, தூளும் சிறு துண்டுகளுமான மட்டமான நிலக்கரியை 1952 டிசம்பர்த் தொடக்கத்தில் பங்கீட்டிலிருந்து விடுவித்து, வேண்டிய மட்டும் வாங்கலாம் என்றார்கள். மலிவான சரக்கு, ஏழைகள் வாங்கினார்கள், அதிகம் புகைத்தது. குளிருக்கு மக்கள் தாமாகவே புகை மூட்டினார்கள் என்று சொல்வது எளிது. எந்தக் கரியை எரிப்பது என்பதை அவர்கள் தெரிவுசெய்யவில்லை.

1953 ஜனவரியில் தொழிற்கட்சி உறுப்பினர் நோர்மன் டொட்ஸ் பாராளுமன்றத்தில் எழுந்தார். நாடு முழுவதிலும் ஓராண்டு முழுவதும் வீதி விபத்துகளில் இறந்தவர்களைவிட, இலண்டனில் ஒரே மாதத்தில் காற்றினால் மூச்சு முட்டி இறந்தவர்கள் அதிகம் என்பதை அமைச்சர் உணர்கிறாரா என்று கேட்டார். வீடமைப்பு, உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் பின்னாளில் பிரதமரான ஹரோல்ட் மக்மில்லன். மேலதிகச் சட்டம் தேவையென்று தாம் கருதவில்லை என்பது அவர் விடை. அதே ஆண்டு நவம்பரில் அவர் சக அமைச்சர்களுக்கு எழுதிய இரகசியக் குறிப்பு பின்னர் வெளியாயிற்று. நாம் பெரிதாக எதையும் செய்ய முடியாது, ஆனால் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அமைச்சுகளைச் சுற்றி வேலை பார்த்த எந்தப் பத்திரிகையாளனுக்கும் இந்தக் குறிப்பு வியப்பளிக்காது. எழுத்தில் வைத்துவிட்டாரே என்பதுதான் வியப்பு.

சுகாதார அமைச்சர் இயன் மக்லியோட் நோயாளிகளுக்கு முகக்கவசம் எழுதிக் கொடுக்க வைத்தியர்களுக்கு அனுமதி தந்தார். துணி முகக்கவசம் கந்தகவீரொட்சைட்டைத் தடுக்காது. இதே மக்லியோட்தான் 1954 பெப்ரவரியில் புகைபிடித்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்று பத்திரிகையாளர் மாநாட்டில் அறிவித்தவர். அறிவித்து முடியும்வரை சிகரெட்டுக்கு மேல் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் இது எச்சரிக்கையின்றி வந்த விபத்து அன்று. 1661இல் ஜோன் ஈவ்லின் இலண்டன் புகையைப் பற்றி ஒரு நூலே எழுதி மன்னர் இரண்டாம் சார்ள்ஸிடம் கொடுத்திருந்தார். 1873 டிசம்பரில் இதே கால்நடைக் கண்காட்சி இஸ்லிங்டனில் நடந்தபோது இதே போன்ற புகைமூட்டத்தில் மாடுகள் செத்தன; நூற்றுக்கணக்கான மனிதரும் இறந்தார்கள். 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் தொழிற்சாலைப் புகை ஐந்து நாட்கள் தங்கி அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதை விசாரித்த மருத்துவப் பேராசிரியர் பிர்க்கே, இதே நிலை இலண்டனுக்கு வந்தால் 3,200 பேர் இறக்கக்கூடும் என்று கணக்கிட்டு 1936இல் எழுதியே வைத்திருந்தார். 1948 ஒக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டொனோரா என்ற ஆலை நகரில் இருபது பேர் இறந்தார்கள். பிர்க்கேயின் கணிப்பு இலண்டனில் பதினாறு ஆண்டுகளில் பலித்தது. குறைத்துச் சொல்லியிருந்தார் என்பதுதான் ஒரே பிழை.

அழுத்தம் தாங்காமல் 1953இல் சேர் ஹியூ பீவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. இவர் கின்னஸ் மதுபானக் கம்பனியின் நிர்வாகி; கின்னஸ் சாதனைப் புத்தகம் என்ற யோசனையும் இவருடையதே. குழுவைப் போட்டு விவகாரத்தை ஆறப்போடலாம் என்று நினைத்தவர்கள் ஆளை மாற்றித் தெரிவுசெய்துவிட்டார்கள். பீவர் குழு 1954 நவம்பரில் தந்த இறுதி அறிக்கை, காற்று மாசினால் நாட்டுக்கு ஆண்டுதோறும் 250 மில்லியன் பவுண் நட்டம் என்று பணத்தில் கணக்குக் காட்டியது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஜெரால்ட் நபாரோ தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவர, வேறு வழியின்றி அரசாங்கம் தானே சட்டமியற்ற உடன்பட்டது. 1956 ஜூலை 5ஆம் திகதி தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. உள்ளூராட்சி மன்றங்கள் புகைக் கட்டுப்பாட்டு வலயங்களை அறிவிக்கலாம். வீட்டுக்காரர் அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கு பொதுப் பணத்திலிருந்து கிடைக்கும். இந்த ஏற்பாடுதான் சட்டத்தின் உயிர் என்பது என் எண்ணம். ஏழையின் அடுப்பை அணைக்கச் சொல்லும் சட்டங்கள் பல உண்டு. மாற்று அடுப்புக்குக் காசு கொடுத்த சட்டங்கள் குறைவு. 1962 டிசம்பரில் மீண்டும் ஒரு புகைமூட்டம் பல நூறு பேரைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னர் அந்த அளவில் நிகழவில்லை.

இனி அந்த எண்ணாயிரம் பேர்.

புகை கலைந்த பின்னும் இறப்புகள் வழமைக்குத் திரும்பவில்லை. 1953 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இலண்டனில் வழக்கத்தைவிட அதிகமானோர் இறந்துகொண்டிருந்தார்கள். சுகாதார அமைச்சின் அறிக்கை டிசம்பர் மாதத்தோடு ஒரு கோடு போட்டு, அதற்குப் பின் வந்த இறப்புகளை இன்புளுவன்சாக் காய்ச்சலின் கணக்கில் எழுதியது. ஈ. ரி. வில்கின்ஸ் என்ற ஆய்வாளர் 1954இலேயே இதைச் சுட்டிக்காட்டி, மேலும் எண்ணாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று எழுதினார். அவர் குரல் எடுபடவில்லை. 2001இல் மிஷேல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். அத்தனை இறப்புகளையும் விளக்க வேண்டுமானால் அந்தக் காய்ச்சல் நம்ப முடியாத அளவுக்குக் கொடியதாக இருந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். மொத்தத் தொகை ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் என்று வந்தது. டெவ்ரா டேவிஸ் வளர்ந்த ஊர் டொனோரா. தன் ஊரின் இருபது பேரை எண்ணக் கற்றவர்தான் இலண்டனின் எண்ணாயிரம் பேரையும் தேடிப் போனார்.

கணக்கு அதோடும் முடியவில்லை. அந்த நாட்களில் தாயின் வயிற்றிலோ தொட்டிலிலோ இருந்த இலண்டன் குழந்தைகளின் பிற்கால உடல்நிலையைப் பிற ஊர்க் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முதல் வயதில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சிறுபராயத்தில் தொய்வு நோய் வந்த வீதம் தெளிவாகவே அதிகம். செத்தவர்களையே எண்ணாத நாடு, தப்பிப் பிழைத்தவர்களின் மூச்சை எண்ண அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

2016இல் வந்த ‘த கிரவுண்’ தொலைக்காட்சித் தொடரால் இந்தப் புகைமூட்டம் மீண்டும் பேசுபொருளானது. அதில் சேர்ச்சிலின் செயலாளரான இளம்பெண் ஒருத்தி புகையில் பேருந்து மோதி இறக்கிறாள். அவள் கற்பனைப் பாத்திரம். ஓர் அழகிய இளம்பெண் வாகனத்தில் அடிபட்டால்தான் பார்ப்பவர்க்கு அது சாவாகத் தெரிகிறது. கிழவி கட்டிலில் இருமி இறப்பது நாடகத்துக்கு உதவாது.

இன்று இலண்டனில் நிலக்கரி அடுப்பு இல்லை. நம்மவர் பல்லாயிரவர் அங்கே வாழ்கிறார்கள். தென்கிழக்கு இலண்டனில் லூயிஷம், கட்போர்ட் பகுதிகளில் வீடு வாங்கியோரும் பலர். 2000களின் நடுப்பகுதியில் அங்கே ஓர் உறவினர் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். வீட்டுக்கு அருகே சவுத் சேர்க்கியூலர் வீதி. யன்னலின் வெள்ளைச் சட்டத்தைத் துடைத்தால் மறுநாள் மீண்டும் கறுப்பு மெழுகு போலப் படிந்திருக்கும். ‘இது இந்த ரோட்டின்ரை ஊத்தை அண்ணை, துடைச்சு மாளாது’ என்றாள் வீட்டுக்காரப் பெண். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 2001இல், பிரித்தானிய அரசாங்கம் கார் வரியைக் காபனீரொட்சைட்டு அளவின்படி மாற்றியிருந்தது. டீசல் கார்களுக்கு அது சாதகமாயிற்று. காபனீரொட்சைட்டு குறைவாகத்தான் வந்தது. நைதரசனீரொட்சைட்டும் கரித்துகளும் அதிகம் வந்தன. நட்டி ஸ்லாக்கை விற்ற அரசாங்கமும் டீசலை ஊக்குவித்த அரசாங்கமும் வேறு வேறு கட்சிகளுடையவை.

அதே லூயிஷமில், அதே வீதியிலிருந்து முப்பது மீற்றருக்குள், எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி வாழ்ந்தாள். ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பம். தாய் ரோசமுண்ட் ஆசிரியை. ஆறு வயது வரை துள்ளித் திரிந்த பிள்ளைக்குக் கடும் தொய்வு கண்டது. மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் முப்பது தடவை வரையில் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டாள். 2013 பெப்ரவரி 15ஆம் திகதி இறந்தாள். வயது ஒன்பது. 2014இல் நடந்த மரண விசாரணை, கடும் தொய்வினால் மூச்சு நின்றது என்று முடித்தது. பாட்டியின் மார்ச்சளி போலவே, இதுவும் பொய் அல்ல.

தாய் விடவில்லை. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட், சிறுமி வைத்தியசாலைக்குப் போன நாட்களை அயலில் இருந்த காற்று அளவீட்டு நிலையத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டார். காற்று கெட்ட காலங்களும் அவள் மூச்சு முட்டிய காலங்களும் பொருந்தி வந்தன. 2018இல் அவர் அளித்த அறிக்கையை வைத்து மேல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019இல் பழைய முடிவு நீக்கப்பட்டது. சவுதர்க் மரண விசாரணை மன்றத்தில் இரண்டாவது விசாரணை நடந்தது. சட்டம் அனுமதித்த அளவை மீறிய நைதரசனீரொட்சைட்டை அவள் சுவாசித்தாள் என்றும், காற்று மாசு பிள்ளையின் நோயைக் கூட்டும் என்பதைத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை என்றும், சொல்லியிருந்தால் அவர் மகளைக் காக்க நடவடிக்கை எடுத்திருப்பார் என்றும் விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ கண்டார். 2023 ஓகஸ்ட்டில் பழைய வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 12 பவுண் 50 பென்ஸ் அறவிடும் வலயம் இலண்டன் முழுவதற்கும் விரிக்கப்பட்டபோது நம்மவர் உட்படப் பலர் முணுமுணுத்தது எனக்குத் தெரியும். பழைய கார் வைத்திருப்பவன் பணக்காரன் அல்லன். அவன் முணுமுணுப்பிலும் நியாயம் உண்டு. 1956இன் பத்தில் ஏழு பங்கு இந்தத் தடவை அவனுக்குக் கிடைக்கவில்லை. 2024 ஒக்டோபரில் அரசாங்கம் தாயோடு நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் கண்டு, வருத்தமும் தெரிவித்தது.

பார்லோ 2020 டிசம்பர் 16ஆம் திகதி எழுதிய மரண காரணத்தில் மூன்று வரிகள் உள்ளன. முதலாவது, கடுமையான சுவாசச் செயலிழப்பு. இரண்டாவது, கடும் தொய்வு. மூன்றாவது, காற்று மாசைச் சுவாசித்தமை. பிரித்தானியாவில் ஒருவரின் மரண காரணத்தில் இந்த மூன்றாவது வரி எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. முதல் இரண்டு வரிகளும் 2014இலேயே எழுதப்பட்டிருந்தன. மூன்றாவதை எழுதுவிக்க, மகள் இறந்த நாளிலிருந்து, அந்தத் தாய்க்கு ஏழு ஆண்டுகளும் பத்து மாதங்களும் சென்றன.